மெழுகுவர்த்தியோடு முடித்துக்கொண்ட படம்

கஸ் வான் சான்ட் இயக்கிய 'மில்க்' (2008) படத்தைப் பற்றி நம்ம தோழர்கள் மத்தியில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ஒன்று, 'அது வெள்ளைக்கார ஆம்பிளைங்க பிரச்சினை, நமக்கெதுக்கு?' என்பது. இன்னொன்று, 'அற்புதமான படம், அழுதுட்டேன்' என்பது. முதல் பேச்சைப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் படத்தைப் பார்க்காதவர்கள். இரண்டாவது பேச்சைப் பேசுகிறவர்கள் அழுததோடு எழுந்து போய்விட்டவர்கள். நான் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் கடைசியில் கண் கலங்கியது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஒரு படம் நம்மை எந்த இடத்தில் அழவைக்கிறது, அழவைத்து எந்த இடத்தில் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது என்பதும் அரசியல்தான். இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

அதற்கு முன்னால் வார்த்தை பற்றி ஒன்று. நம்ம செய்தித்தாள்கள் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்றே எழுதிப் பழகிவிட்டன. ஒரு மனுசனோட முழு வாழ்க்கையையும் படுக்கைக்குள் சுருட்டி வைக்கிற வார்த்தை அது. காதலிப்பதும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதும் கடை வைப்பதும் தேர்தலில் நிற்பதும் அந்த வார்த்தைக்குள் அடங்காது. தன்பாலீர்ப்பாளர் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

ஹார்வி மில்க் 1930இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்து அதிகாரியானார். அவருடைய பாலீர்ப்பு பற்றி விசாரணை வந்ததும் 1955இல் வெளியேற வேண்டியதாயிற்று. (அதே கடற்படை 2021இல் ஒரு கப்பலுக்கு அவர் பெயரை வைத்து நீரில் இறக்கியது. 2025 ஜூனில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். அரசாங்கம் கொடுக்கிற கௌரவத்துக்கு ஆயுசு நாலு வருசம்.) பிறகு ஆசிரியர் வேலை, காப்பீட்டு நிறுவன வேலை, வால் ஸ்ட்ரீட் வேலை. 1964இல் பாரி கோல்ட்வாட்டர் என்கிற வலதுசாரி அதிபர் வேட்பாளருக்காகப் பாடுபட்டவர் இந்த மில்க். 1972இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, மறுவருசம் கேஸ்ட்ரோ தெருவில் காதலன் ஸ்காட் ஸ்மித்தோடு ஒரு கேமராக் கடை போட்டார். அந்தக் கடைதான் பின்னால் கட்சி அலுவலகம் மாதிரி ஆனது. மூன்று தேர்தலில் தோற்று, நாலாவதில், 1977 நவம்பரில், நகரின் மேற்பார்வையாளர் குழுவுக்கு ஜெயித்தார். நம்ம மாநகராட்சி மன்றம் மாதிரியான குழு அது, பதினோரு பேர் கொண்டது. பதவியேற்றுப் பதினோரு மாசம்கூட முழுசா ஆகவில்லை. 1978 நவம்பர் 27ஆம் தேதி, நகரசபைக் கட்டடத்துக்குள்ளேயே, கூட இருந்த முன்னாள் உறுப்பினர் டான் வைட், மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் மில்க்கையும் சுட்டுக் கொன்றான்.

படம் 1970இல், மில்க்குக்கு நாற்பது வயது தொடங்குகிற நேரத்தில் ஆரம்பிக்கிறது. கோல்ட்வாட்டர் ஆள் எப்படித் தொழிற்சங்கக்காரர்களோடு கைகோத்து நிற்கிற ஆளாக மாறினார் என்பது எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. அதைப் படம் சொல்லவில்லை. நியூயார்க்கிலிருந்து கார் ஏறினார், தாடி வளர்த்தார், மாறினார் என்பதுபோல் போய்விடுகிறது.

சரி, குறை சொல்வது இருக்கட்டும். படத்தின் நல்லது பெரிது. தலைப்பெழுத்துகள் ஓடும்போதே பழைய செய்திப்படத் துண்டுகளைக் காட்டுகிறார்கள். மதுக்கடைகளில் போலீஸ் புகுந்து தன்பாலீர்ப்பு ஆண்களைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிற காட்சிகள். கேமராவைக் கண்டதும் ஒவ்வொருத்தனும் கையால் முகத்தை மூடிக்கொள்கிறான். தண்டனையைவிட, பெயரும் படமும் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடுமே, வேலை போய்விடுமே, அம்மா பார்த்துவிடுவாளே என்கிற பயம். அந்தக் கைகளைப் பார்த்தபிறகு, பின்னால் வருகிற ஊர்வலங்களில் ஜனங்கள் முகத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு நடப்பதன் அர்த்தம் யாரும் விளக்காமலே நமக்குப் புரிந்துவிடுகிறது. நடிகர்களை வைத்து எடுத்த எந்தக் காட்சிக்கும் அந்தப் பலம் இல்லை.

அடுத்து, அரசியலை ஒரு வேலையாகக் காட்டியிருப்பது. நம்ம ஊர் சினிமாவில் தலைவன் மேடையில் பேசுவான், கூட்டம் கையைத் தட்டும், ஆட்சி மாறும். இங்கே மில்க் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார், வாக்கைக் கூட்டிக் கழிக்கிறார், தோற்கிறார், மறுபடி நிற்கிறார், வீட்டில் சண்டை வருகிறது. கூர்ஸ் பீர் புறக்கணிப்பைப் படம் அழகாகச் சொல்கிறது. லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் கூர்ஸ் கம்பெனியோடு மோதிக்கொண்டிருந்தது. கேஸ்ட்ரோவின் மதுக்கடைகளிலிருந்து கூர்ஸை வெளியே தள்ள மில்க் உதவினார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: எங்க ஆளுங்களுக்கும் ஓட்டுநர் வேலை கொடுங்க. பச்சாதாபம் கேட்டுப் போகவில்லை, கணக்குப் பேசிக் கூட்டணி வைத்தார்கள். ஷான் பென் இந்த இடங்களில் எல்லாம் சிரித்துக்கொண்டே பேரம் பேசுகிற ஒரு மனுசனைக் கண்முன் நிறுத்துகிறார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்கு, திரைக்கதைக்கானது டஸ்டின் லான்ஸ் பிளாக்குக்கு. இரண்டும் தகும்.

ஆனால் இதே இடத்தில் ஒரு பெரிய விசயத்தைப் படம் வேகமாகத் தாண்டிப் போகிறது. மில்க் 1973இல் 32 பேர் நின்ற தேர்தலில் பத்தாவதாக வந்தார். 1975இல் ஆறு இடத்துக்கு நடந்த தேர்தலில் ஏழாவதாக வந்தார். 1977இல் மட்டும் எப்படி ஜெயித்தார்? பேச்சு அதற்குள் அவ்வளவு மெருகேறிவிட்டதா? மெருகேறியது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. அதுவரைக்கும் நகரம் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களுக்கும் ஓட்டுப் போட்டது. கேஸ்ட்ரோவில் எத்தனை ஓட்டு விழுந்தாலும் மற்ற பகுதிகளின் ஓட்டு அதை மூழ்கடித்துவிடும். 1976 நவம்பரில் வட்டாரவாரித் தேர்தலை மக்கள் வாக்கெடுப்பில் கொண்டுவந்தார்கள். அதற்காகத் தெருத்தெருவாக உழைத்தது அக்கம்பக்கத்துச் சங்கங்களும் தொழிற்சங்கக்காரர்களும் சிறுபான்மை இன அமைப்புகளும். மறுவருசமே மில்க்கோடு சேர்ந்து கறுப்பினப் பெண்ணான எல்லா ஹில் ஹட்ச் உள்ளே வந்தார், சீன-அமெரிக்கரான கார்டன் லாவ் ஜெயித்தார். நம் பிரதிநிதியை யாருடைய ஓட்டு தேர்ந்தெடுக்கிறது என்பதில் எல்லாமே இருக்கிறது. 1932 பூனா ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கொலை நடந்து இரண்டு வருசத்துக்குள், 1980இல், அந்த வட்டாரத் தேர்தல் முறையையே ரத்து செய்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது திரும்பி வர 2000ஆம் வருசம் ஆனது. துப்பாக்கி கொன்றது இரண்டு பேரைத்தான். மிச்சத்தை வாக்குப்பெட்டி வழியாகவே முடித்தார்கள். வாழ்க்கைப் படத்துக்கு இதெல்லாம் சலிப்பூட்டும் சமாச்சாரம். அதற்கு வேண்டியது ஒரு முகம்.

ஒரு முகம் வேண்டும் என்று ஆனபிறகு மற்ற முகங்கள் கழன்று விழுகின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் வெளிப்படையாகத் தேர்தலில் நின்ற முதல் தன்பாலீர்ப்பாளர் மில்க் இல்லை. ஹோசே சாரியா என்பவர் 1961இலேயே இதே குழுவுக்கு நின்று ஆயிரக்கணக்கில் ஓட்டு வாங்கினார். அவர் மதுக்கடையில் பெண் வேடம் போட்டுப் பாடியவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளி. 1966இல் டெண்டர்லாயின் பகுதியில், காம்ப்டன் உணவகத்தில், போலீஸ் கை வைத்ததும் திருப்பி அடித்தவர்கள் திருநங்கைகளும் தெருவில் பிழைத்த இளைஞர்களும். நியூயார்க்கில் ஸ்டோன்வால் கலகம் நடப்பதற்கு மூன்று வருசம் முன்னால். வெளிப்படையான தன்பாலீர்ப்புப் பெண்கள் 1974இலேயே தேர்தலில் ஜெயித்திருக்கிறார்கள்: மிச்சிகனில் நகரசபைக்குக் கேத்தி கோசசென்கோ, மாசசூசெட்ஸ் மாநிலச் சபைக்கு எலைன் நோபிள். இந்தப் படத்தைப் பார்த்தால் கேஸ்ட்ரோ தெருவின் வரலாறு மில்க் காரிலிருந்து இறங்கிய நாளில் தொடங்குவது போலிருக்கிறது. அவர் குடியேறிய வருசத்தில் அந்தத் தெருவில் ஏற்கெனவே ஆட்கள் வந்துசேர்ந்திருந்தார்கள், கடைகள் இருந்தன.

பெண்கள் விசயம் இன்னும் மோசம். தேர்தல் வேலையை எடுத்து நடத்த வரும் ஆனி க்ரோனன்பெர்க், கடைக்குள் நுழைந்ததும் ஒரு கேள்வி கேட்கிறாள்: இந்த ஆம்பிளைங்க கூட்டத்துல எங்களுக்கு இடம் இருக்கா? நல்ல கேள்வி. ஆனால் படம் அவள் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, பதில் சொல்லியாச்சு என்று நினைத்துக்கொள்கிறது. 1978இல் ஜான் பிரிக்ஸ் என்கிற மாநில செனட்டர் 'முன்மொழிவு 6' என்று ஒன்றைக் கொண்டுவந்தான். தன்பாலீர்ப்பாளர்களையும் அவர்களுக்கு ஆதரவாகப் பேசுகிற ஆசிரியர்களையும் பள்ளிக்கூடங்களிலிருந்து துரத்துகிற சட்டம். அவனோடு தொலைக்காட்சி விவாதத்தில் மில்க்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடியவர் சாலி கியர்ஹார்ட். பெண்ணியவாதி, பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலை கற்பித்தவர், 2021இல் காலமானார். ராப் எப்ஸ்டீன் எடுத்த 'தி டைம்ஸ் ஆஃப் ஹார்வி மில்க்' (1984) ஆவணப்படத்தில் அவர் முக்கியமான குரல். இந்தப் படத்தில் அவர் இல்லவே இல்லை. பிரிக்ஸை எதிர்த்து மில்க் தனியாக நிற்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது என்பார்கள். சுருக்கும்போது எப்பவும் யார் சுருங்குகிறார்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

ஜாக் லீரா என்ற காதலன் வருகிறான். மெக்சிகோ வம்சாவளி இளைஞன், நடித்தவர் டியேகோ லூனா. மில்க்கின் வாழ்க்கையில் வெள்ளையரல்லாத ஒருத்தருக்குப் படம் கொடுத்திருக்கிற பெரிய இடம் இதுதான். அவன் குடிக்கிறான், கத்துகிறான், கூட்ட நேரத்தில் தொந்தரவு செய்கிறான், கடைசியில் தூக்கு மாட்டிக்கொள்கிறான். 1978இல் நிஜமாகவே அப்படித்தான் செத்தான் என்பது தெரியும். ஆனால் அவன் எங்கிருந்து வந்தான், படித்தவர்களும் வெள்ளையர்களுமான அந்தக் கூட்டத்தில் அவனை எப்படிப் பார்த்தார்கள், ஏன் அவனுக்கு அங்கே மூச்சு முட்டியது? கேமரா கேட்கவில்லை. வேலை இருக்கிறது, இவன் வேறு, என்று கடிகாரத்தைப் பார்க்கிற ஆளைப்போல அது அவனைப் பார்க்கிறது.

இப்போது எனக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். முன்மொழிவு 6க்கு எதிரான போராட்டத்தில் மில்க்கின் முழக்கம், எல்லோரும் வெளியே வந்து சொல்லுங்கள் என்பது. குடும்பத்துக்குச் சொல், அக்கம்பக்கத்துக்குச் சொல், வேலை செய்கிற இடத்தில் சொல். தெரிந்த ஒருத்தன் பாதிக்கப்படுவான் என்று தெரிந்தால் ஜனங்கள் எதிர்த்து ஓட்டுப் போடுவார்கள் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. ஆரம்பக் கருத்துக்கணிப்புகளில் ஜெயிப்பது போலிருந்த முன்மொழிவு 58 சதவீதம் எதிர் ஓட்டில் தோற்றது. படத்தில் ஒரு காட்சி: மில்க் தன் கூட்டாளிப் பையன் ஒருவன் கையில் தொலைபேசியைக் கொடுத்து, இப்பவே வீட்டுக்குப் பேசிச் சொல்லு என்கிறார். அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஸ்காட் முணுமுணுக்கிறான். மில்க்குக்கு அந்தரங்கம்தான் எதிரி. படம் இந்தக் காட்சியில் முழுக்க மில்க் பக்கம்.

ஆலிவர் சிப்பிள் என்று ஒருத்தர் இருந்தார். வியட்நாம் போரில் காயம்பட்ட கடற்படைத் துருப்பு வீரர். 1975 செப்டம்பர் 22ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் அதிபர் ஃபோர்டைச் சுட ஒரு பெண் துப்பாக்கியைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற சிப்பிள் அவள் கையைத் தட்டிவிட்டு அதிபரைக் காப்பாற்றினார். சிப்பிள் தன்பாலீர்ப்பாளர் என்பது நண்பர்களுக்குத் தெரியும், ஊரில் இருந்த பெற்றோருக்குத் தெரியாது. அவருக்கு அறிமுகமான மில்க், நம்ம ஆளு ஒரு வீரன்னு உலகத்துக்குத் தெரியட்டும் என்று பத்திரிகைக்காரர்களிடம் விசயத்தைக் கசியவிட்டார். பத்திரிகைகள் போட்டன. குடும்பம் உறவை முறித்துக்கொண்டது. சிப்பிள் பத்திரிகைகள்மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். 1989இல் தனியாகச் செத்தார். படத்தில் இந்தப் பெயர் கிடையாது. இருந்திருந்தால் அந்தத் தொலைபேசிக் காட்சி அவ்வளவு சுலபமாக நம்மைக் கைதட்ட வைத்திருக்காது.

நான் சென்னையில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது தங்கியிருந்த வீட்டில் என் சாதியைச் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சொல்வேன், தெருப் பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் அமைப்பைச் சேர்ந்த தோழர் ஒருவர், நல்ல மனுசர், ஒரு நாள் என்னைத் தேடி வந்து, வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம் நான் யார், எந்தச் சேரியிலிருந்து படித்து வந்தவன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். 'எதுக்குப்பா மறைக்கணும், நிமிர்ந்து சொல்லு' என்பது அவர் வாதம். அடுத்த மாசம் வீட்டுக்காரருக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், அறை தேவைப்பட்டது. நிமிர்ந்து சொல்லியது அவர், பெட்டியைத் தூக்கியது நான். நான் பின்னாளில் எல்லா இடத்திலும் சொன்னேன். எழுதினேன், மேடையில் பேசினேன். ஆனால் எந்த நாள் சொல்வது என்பது என் கையில் இருந்தது. மில்க் சொன்னது சரி, சிப்பிளுக்குச் செய்தது தப்பு. இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துக் காட்டுகிற தைரியம் ஒரு படத்துக்கு இருந்திருக்க வேண்டும். சிலை வடிக்கிற அவசரத்தில் அது விடுபட்டுப்போனது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். படம் வெளிவந்த அதே 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்கிற 'முன்மொழிவு 8' ஜெயித்தது. எதிர்ப் பிரச்சார விளம்பரங்களில் தன்பாலீர்ப்பு இணைகளையே காட்டாமல் மறைத்தார்கள் என்று அப்போது கடும் விமர்சனம் எழுந்தது. மில்க் முப்பது வருசம் முன்னால் எதைச் செய்யாதே என்றாரோ அதைச் செய்து தோற்றார்கள். அவர் படம் கேஸ்ட்ரோ திரையரங்கில் அந்தத் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் முதல் காட்சி போட்டது, பொதுத் திரைக்கு வந்தது தேர்தல் முடிந்து மூன்று வாரம் கழித்து.

கடைசியாக டான் வைட். ஜாஷ் ப்ரோலின் பிரமாதமாக நடித்திருக்கிறார், அதுதான் சிக்கல். முகத்தில் இறுக்கம், பேச்சில் தடுமாற்றம், உள்ளுக்குள் ஏதோ புழுங்குகிறது. இவனும் நம்மள மாதிரி ஒருத்தனோ என்று மில்க் சந்தேகப்படுவதாக ஒரு வசனம் வேறு. அவ்வளவுதான், கொலை ஒரு தனிமனிதனின் மனப்புழுக்கமாகிவிட்டது. வைட் முன்னாள் போலீஸ்காரன், முன்னாள் தீயணைப்பு வீரன். தன்பாலீர்ப்பாளர்களுக்கான உரிமைச் சட்டத்தை எதிர்த்துக் குழுவில் ஓட்டுப் போட்ட ஒரே ஆள். மாஸ்கோனி மேயராக வந்தபிறகு நகரப் போலீசுக்குள் பெரிய கொந்தளிப்பு இருந்தது. இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினப் போலீஸ்காரர்கள் போட்ட வழக்கைச் சமரசமாக முடிக்க மேயர் முயன்றதைப் பழைய போலீஸ் கூட்டம் வெறுத்தது. வைட் அந்தக் கூட்டத்தின் குரல். பதவி விலகிய அவன் மறுபடி உள்ளே வரவேண்டும் என்று அந்தக் கூட்டம் நெருக்கியது. வரக்கூடாது என்று மேயரிடம் வாதாடியவர் மில்க். பதினோரு பேர் குழுவில் ஒரு ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் பிரச்சினை. இது நகர அதிகாரத்துக்கான சண்டை. படம் இதன் ஓரத்தைத் தொட்டுவிட்டு மனசுக்குள் போய்விடுகிறது.

அவன் உலோகச் சோதனைக்குத் தப்ப அடித்தள ஜன்னல் வழியாக ஏறிக் குதித்ததைப் படம் காட்டுகிறது. மேயரைச் சுட்டபின் துப்பாக்கியில் மறுபடி தோட்டா நிரப்பிக்கொண்டு நடைக்கூடத்தைக் கடந்து மில்க்கிடம் போனான். பையில் கூடுதல் தோட்டா கொண்டுவந்திருந்தான். மில்க் மண்டியிட்டுச் சரிகிறார், ஜன்னலுக்கு வெளியே ஓபரா அரங்கில் 'டோஸ்கா' விளம்பரம். முந்தின காட்சிகளில் அந்த ஓபராவை ரசித்த ஆள். கலைநயமான சாவு. அடுத்து மெழுகுவர்த்தி ஊர்வலம், கேஸ்ட்ரோவிலிருந்து நகரசபை வரை பல்லாயிரம் பேர், தீபங்கள் ஆறு மாதிரி ஓடுகின்றன. நாம் அழுகிறோம். அப்புறம் நடந்ததைத் திரையில் சில வரி எழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேண்டியது. எப்ஸ்டீனின் ஆவணப்படம் அதைச் சொல்கிறது. நடுவர் குழுவில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை, வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஒருவரும் இல்லை. வைட்டின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தது அவனோடு பழக்கமுள்ள போலீஸ் அதிகாரி. அந்த நாடாவைக் கோர்ட்டில் போட்டபோது நடுவர்களில் சிலர் அழுதார்கள். கொலைகாரனுக்காக. மன அழுத்தத்தில் இருந்தான், கண்ட தீனியும் தின்றுகொண்டிருந்தான், யோசிக்கிற நிலையில் இல்லை என்று வக்கீல் தரப்பு வாதாடியது. ஜன்னல் ஏறியதும் தோட்டாவை மறுபடி நிரப்பியதும் யோசிக்காமல் செய்ததாம். 1979 மே 21ஆம் தேதி தீர்ப்பு: திட்டமிட்ட கொலை இல்லை. ஏழு வருசம் எட்டு மாசம். அதிலும் ஐந்து வருசத்தில் வெளியே வந்துவிட்டான். 1985இல் தற்கொலை செய்துகொண்டான். இந்தக் கோர்ட்டை நமக்குத் தெரியாதா?

அன்று ராத்திரி மெழுகுவர்த்தி இல்லை. ஜனங்கள் நகரசபைக்குப் போய்க் கண்ணாடிகளை நொறுக்கினார்கள், போலீஸ் கார்களை வரிசையாகக் கொளுத்தினார்கள். பதிலுக்குப் போலீஸ் கேஸ்ட்ரோவுக்கு வந்து எலிஃபன்ட் வாக் என்கிற மதுக்கடைக்குள் புகுந்து கிடைத்தவர்களை எல்லாம் அடித்துத் துவைத்தது. அந்த எரிகிற கார்களின் படம் டெட் கென்னடீஸ் என்கிற பங்க் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு அட்டையில் இருக்கிறது. பெரிய பணம் போட்டு எடுத்த வாழ்க்கைப் படத்தில் அதற்கு இடமில்லை.

மில்க் தான் கொல்லப்படலாம் என்று நினைத்து ஒரு வருசம் முன்னாலேயே குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார். படத்தின் கதையே அந்தப் பதிவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது, சாவை முன்கூட்டி அறிந்த ஒருவரின் சோகக்குரலாக. நிஜத்தில் அது ஒரு அரசியல் உயில். என் இடத்துக்கு யார் வரவேண்டும், யார் வரக்கூடாது என்று பெயர் சொல்லிப் பதிந்திருந்தார். அவர் சொன்ன பெயர்களில் ஒருவரான ஹாரி பிரிட்தான் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். கலகத்துக்கு மறுநாள் எல்லோரும் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு மன்னிப்பு. மன்னிப்புக் கேட்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மே 22, மில்க்கின் பிறந்தநாள். சாயங்காலம் ஆயிரக்கணக்கானவர்கள் கேஸ்ட்ரோ தெருவில் கூடி ஆடினார்கள், செத்துப்போன மனுசனுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள்.